செக் டிஸ்க் போடட்டுமா, தம்பி?

பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை காலை கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து அக்கா அழைத்தார்.

"தம்பி, அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க் ரோசாக் ஆன மாதிரி இருக்கு. ஒரு ஃபோல்டர் திறக்க அஞ்சு நிமிஷம் ஆகுது. ஸ்கூல்ல ஒரு சார், செக் டிஸ்க் போட்டா சரியாயிடும்னு சொன்னாரு. போடட்டுமா?"

"வேணாங்க்கா. ஒன்னும் போடாதீங்க. கழற்றி வச்சிடுங்க, நான் வர்றேன்."

அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அந்த 2 டெராபைட் டிஸ்க்கில் பதினோரு வருடத்துக் கேள்வித்தாள்கள், பள்ளிக் கலைநிகழ்ச்சி வீடியோக்கள், எங்கள் அப்பாவின் கடைசித் தீபாவளிப் படங்கள் எல்லாம் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அவர் அந்தப் பொத்தானை அழுத்திவிடக் கூடாதே என்ற கவலைதான் எல்ஆர்டி ரயிலில் செந்தூல் போய்ச் சேரும்வரை எனக்கு.

செக் டிஸ்க் என்பது டிஸ்க்கில் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி. அந்த ஆசிரியர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். டிஸ்க் மெதுவானால் பெரும்பாலோர் முதலில் சொல்வதும் அதுதான். ஆனால் டிஸ்க்கைச் சோதிக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. சில வழிகள் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும். சில வழிகள் டிஸ்க்கில் எழுதும். சில வழிகள் ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைக்கும். எதை எப்போது எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்ததை ஓட்டினால், சோதனையே டிஸ்க்கைக் கொன்றுவிடலாம்.

அக்காவுக்கு நான் இப்படி விளக்கினேன். வகுப்பில் வருகைப் பதிவேடு இருக்கிறது, நாற்காலிகளும் இருக்கின்றன. பதிவேட்டில் ஒரு பெயர் இடம் மாறியிருந்தால் அடித்துத் திருத்தலாம். நாற்காலிக்குக் கால் உடைந்திருந்தால் பதிவேட்டை எத்தனை முறை திருத்தினாலும் பிள்ளை உட்கார முடியாது. டிஸ்க்கிலும் இந்த இரண்டும் உண்டு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் கணக்கு ஒன்று. அதற்கு அடியில், சுழலும் தட்டின் பரப்பு இன்னொன்று. கணக்கில் வரும் பிழையும் பரப்பில் வரும் பழுதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் ஃபோல்டர் திறக்காது, கோப்பு பிழை என்று வரும். வைத்தியம்தான் வேறு.

பரப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பின்னால் வருவது எல்லாம் இதில்தான் நிற்கிறது. தட்டு, செக்டர் என்னும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டர் 512 பைட். 2011 வாக்கிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலும் 4,096 பைட். ஒவ்வொரு செக்டரோடும் பிழைதிருத்தக் குறியீடு ஒன்று சேர்ந்தே எழுதப்படுகிறது. சின்னக் கோளாறு என்றால் டிஸ்க் அதை வைத்துத் தானே சரிபார்த்துக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. அந்தக் குறியீடும் கைகொடுக்காத நிலையில்தான் அதைப் பேட் செக்டர் என்கிறோம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. படிக்க முடியாத செக்டரை டிஸ்க் உடனே தள்ளி வைத்துவிடாது. உள்ளே என்ன இருந்தது என்று அதற்கே தெரியாது, நாளைக்குப் படிக்க வந்தாலும் வரலாம் என்று காத்திருப்புப் பட்டியலில் போட்டு வைக்கும். அடுத்த முறை அதே இடத்தில் புதிதாக ஏதாவது எழுத வந்தால் அப்போது சோதித்துப் பார்க்கும். எழுத்து நின்றால் அந்த இடமே தொடரும். நிற்காவிட்டால், இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் உபரிச் செக்டர் ஒன்றை மாற்றாகக் கொடுக்கும். எப்படி ஆனாலும், எழுதிய அந்தக் கணத்தில் பழைய தகவல் போய்விடும். பேட் செக்டரைச் சரிசெய்து தருகிறேன் என்று விற்கும் மென்பொருள்கள் இந்த வழியைத் தாண்டி அதிகம் எதுவும் செய்துவிட முடியாது. தேய்ந்த பரப்பை எந்த மென்பொருளாலும் மறுபடி புதிதாக்க முடியாது.

சரி, செக் டிஸ்க்குக்கு வருவோம். விண்டோஸோடு சேர்ந்தே வருவது அதன் பெரிய வசதி. டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போனால் கிடைக்கும். கட்டளைச் சாளரத்தில் chkdsk என்று அடித்தும் ஓட்டலாம். கட்டளையாக ஓட்டும்போது பின்னால் எதுவும் சேர்க்காவிட்டால் பார்த்து அறிக்கை மட்டும் தரும். ஸ்லாஷ் எஃப் (/f) சேர்த்தால் பதிவேட்டைத் திருத்தும். ஸ்லாஷ் ஆர் (/r) சேர்த்தால் அந்தத் திருத்தத்தோடு, காலி இடம் உட்பட ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடங்களை இனி பயன்படுத்தாதே என்று குறித்து வைக்கும்.

கோலாலம்பூரில் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு இடி மழை வருவது நமக்குப் பழக்கம். மின்சாரம் பட்டென்று போய், மேசைக் கணினி பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது என்று வையுங்கள். அல்லது அவசரத்தில் யூஎஸ்பி கேபிளைச் சொல்லாமல் பிடுங்கிவிட்டீர்கள். டிஸ்க் நல்ல உடம்போடு இருந்து, கணக்கு மட்டும் குழம்பியிருந்தால் ஸ்லாஷ் எஃப் தான் சரியான மருந்து. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்துக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

பரப்பே பழுதாகிவிட்ட டிஸ்க்கில் கதை மாறுகிறது. செக் டிஸ்க்குக்குப் பதிவேடு முரண்படாமல் இருந்தால் போதும். ஒரு ஃபோல்டரின் கணக்கு இருக்கும் செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால், அதைச் சார்ந்த கோப்புகளை அநாதை என்று முடிவுகட்டி, பெயர் போன துண்டுகளாக வேறொரு மறைவான ஃபோல்டரில் கொட்டிவிடும். சிலவற்றை வெட்டிவிடும். இத்தனையையும் அதே பழுதான டிஸ்க்கிலேயே எழுதும். ஸ்லாஷ் ஆர் போட்டிருந்தால், படிக்க முடியாத ஒவ்வோர் இடத்திலும் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும், தட்டைப் படிக்கும் தலை அதே இடத்தில் பல விநாடி நிற்கும். இப்படி மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில்.

என் நண்பர் ஒருவர் தன் கல்யாண வீடியோ இருந்த டிஸ்க்கை ஒரு கடையில் கொடுத்தார். நகல் எதுவும் எடுக்காமல் அவர்கள் முதலில் செய்தது முழுப் பழுதுபார்ப்பு ஓட்டியதுதான். இரவு முழுக்க ஓடியிருக்கிறது. மறுநாள் திரும்பி வந்த டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் பெயரில்லாத துண்டுக் கோப்புகள் இருந்தன. தாலி கட்டும் நேரம் அதில் எங்கோ இருந்திருக்கலாம். எந்தத் துண்டும் ஓடவில்லை. அந்த வீடியோவில் இருந்த அவருடைய பாட்டி இப்போது இல்லை. அன்றைக்கு ஏற்பட்ட கோபம்தான் இதை எழுத வைக்கிறது.

அடுத்து, ஸ்மார்ட். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பு இது. 1990களில் ஐபிஎம், காம்பேக் போன்ற நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்து பார்த்த யோசனைகள் சேர்ந்து பொதுத் தரமாக வந்தது. அதைப் படித்துக் காட்ட விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும், ஜப்பானில் உருவானது. லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது, விண்டோஸிலும் ஓடும். பத்து விநாடியில் பதில் வந்துவிடும். உங்கள் கோப்புகளைத் தொடாது, பரப்பை வருடாது. இதனால்தான் நான் எப்போதும் இதிலிருந்து தொடங்குகிறேன்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டிஸ்க்கை வைத்து, முதலில் காதைக் கொடுத்துக் கேட்டேன். தட்டு சுழலும் மெல்லிய இரைச்சல் மட்டும்தான் கேட்டது. டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்டும் சத்தம் வந்திருந்தால் அந்த நொடியே கேபிளைக் கழற்றியிருப்பேன். அப்புறம் மென்பொருளைத் திறந்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. சி5 என்ற வரியில் 18 என்று இருந்தது.

"பதினெட்டுதானா? பரவாயில்லையே" என்றார் அக்கா.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். அந்த மென்பொருள் வழக்கமாக எண்ணைப் பதினாறடிமானத்தில், அதாவது பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறையில், காட்டும். அங்கே 18 என்றால் நம் கணக்கில் 24. அமைப்பில் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்வது நல்லது. சி5 என்பது நான் மேலே சொன்ன காத்திருப்புப் பட்டியல். 05 என்ற வரி, ஏற்கெனவே மாற்று கொடுத்தாகிவிட்ட செக்டர்களின் எண்ணிக்கை. அக்காவின் டிஸ்க்கில் அது பூஜ்யம். சி6 என்பது டிஸ்க் தானாகச் சோதித்தபோது திருத்த முடியாமல் போனவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருப்பதுதான் நல்லது. 01 என்ற வரியில் கோடிக்கணக்கில் எண் இருந்தால் பயப்பட வேண்டாம். சீகேட் டிஸ்க்குகளில் அது இயல்பாகவே அப்படித்தான் இருக்கும்.

சி7 என்று இன்னொரு வரி இருக்கிறது, அதைப் பார்க்காமல் விடாதீர்கள். டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில், கேபிளில் நடக்கும் பிழைகளை அது எண்ணுகிறது. பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் வகுப்பு நடத்தும் தோழி ஒருவருடைய மேசைக் கணினி வாரத்துக்கு ஒருமுறை செக் டிஸ்க் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டினால் பிழை என்று சொல்லும், திருத்தும், அடுத்த வாரம் திரும்ப வரும். புது டிஸ்க் வாங்குவதாக இருந்தார். பார்த்தால் 05, சி5 இரண்டும் பூஜ்யம், சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனது. சாட்டா கேபிள் ஒன்றை மாற்றினோம், அதோடு தொல்லை நின்றது. செக் டிஸ்க்கை நூறு முறை ஓட்டியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

ஸ்மார்ட்டை நம்புவதற்கும் ஓர் அளவு உண்டு. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தங்களுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அப்படி எதுவும் காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் முக்கியமான நான்கு எண்களில் எதுவுமே ஏறியிருக்கவில்லை. ஆகவே சிவப்போ மஞ்சளோ வந்தால் அப்படியே நம்பி நடவடிக்கை எடுங்கள். நீலம் வந்தால் அதை உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில மலிவான யூஎஸ்பி இணைப்பிகள் இந்தக் குறிப்பை வெளியே விடாது என்பதும் நினைவிருக்கட்டும். அங்கே எண் எதுவும் வராது.

டிஸ்க்கைத் தன்னையே சோதித்துக்கொள்ளச் சொல்வது அடுத்த வழி. குறுஞ்சோதனை இரண்டு நிமிடம் எடுக்கும், நெடுஞ்சோதனை முழுப் பரப்பையும் படிக்கும். சீகேட்டின் சீடூல்ஸ், ஸ்மார்ட்மான்டூல்ஸ் இரண்டிலும் உண்டு. தகவல் கேபிள் வழியே கணினிக்கு வருவதில்லை, டிஸ்க் உள்ளுக்குள்ளேயே படித்துப் பார்த்துக்கொள்கிறது. அதனால் கேபிள் கோளாறு முடிவைக் குழப்பாது. எதையும் எழுதாது, நடுவில் மின்சாரம் போனாலும் சோதனை நிற்குமே தவிரக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்லாஷ் எஃப் ஓடும்போது மின்சாரம் போவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

பழைய டிஸ்க் வாங்கும்போது இதைத்தான் நான் கேட்பேன். தெரிந்தவர் ஒருவரிடம் 4 டெராபைட் டிஸ்க் வாங்கியபோது, இரவு நெடுஞ்சோதனை போட்டுவிட்டுப் படுத்தேன், விடியும்போது தேறிவிட்டது என்று பதில் இருந்தது. பணம் அப்புறம்தான் கைமாறியது. நம்மூர் வெயிலுக்கு ஒரு யோசனை: காற்றோட்டம் இல்லாத பெட்டியில் இருக்கும் டிஸ்க் இத்தனை மணி நேரம் ஓடினால் நன்றாகச் சூடேறும், பக்கத்தில் ஒரு மேசைக் காற்றாடி வைத்துவிடுங்கள். வெளி டிஸ்க் என்றால் கணினி தூங்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும், தூங்கினால் சோதனை பாதியில் அறுந்துவிடும்.

அக்காவின் டிஸ்க்கில் இதை நான் ஓட்டவில்லை. படிக்க மட்டும்தானே செய்கிறது, என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தடுமாறும் டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஆயுள் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருக்கும் நேரத்தில் முழுப் பரப்பையும் ஒரு முறை படிக்கப் போகிறோம் என்றால், படித்ததை அப்படியே வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்வோமே. ஐந்து மணி நேரம் படித்துவிட்டு "பழுது" என்ற ஒரு சொல்லைப் பெறுவதும், அதே ஐந்து மணி நேரத்தில் பதினோரு வருடப் படங்களைக் காப்பாற்றுவதும் ஒன்றா?

விக்டோரியா, எச்டிடிஸ்கேன், எச்டி டியூன் போன்ற பரப்புச் சோதனை மென்பொருள்களுக்கும் இதே பதில்தான். கட்டம் கட்டமாகப் பரப்பை வரைந்து காட்டும். விக்டோரியா ஒவ்வொரு கட்டமும் பதில் சொல்ல எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்று வண்ணத்தில் போடும். பழுது ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா, ஆங்காங்கே சிதறியிருக்கிறதா என்று அறிய இதைவிடத் தெளிவான படம் கிடையாது. ஆனால் விக்டோரியாவில் பிழை வந்தால் என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில், கண்டுகொள்ளாதே என்பதற்குப் பக்கத்திலேயே அழி என்ற தேர்வும் இருக்கிறது. நகல் இல்லாத டிஸ்க்கில் அந்தப் பக்கம் போகவே கூடாது.

புதிதாக வாங்கிய வெற்று டிஸ்க்குக்கு எழுதிப் பார்க்கும் சோதனை நல்லது. லினக்ஸில் பேட்பிளாக்ஸ் என்ற கருவி, எழுதும் முறையில் ஓட்டினால், நான்கு விதமான வடிவங்களை முழு டிஸ்க்கிலும் எழுதி எழுதிப் படித்துப் பார்க்கும். 4 டெராபைட்டுக்கு மூன்று நாள் போல ஆகும். தகவல் முழுக்க அழியும். அத்தனை பொறுமை இல்லாதவர்கள் விண்டோஸில் விரைவு ஃபார்மட்டை விட்டுவிட்டு முழு ஃபார்மட் செய்யலாம். விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது.

இனி நான் அக்காவுக்குத் தேர்ந்தெடுத்த வழி. அதன் பெயர் டிடிரெஸ்க்யூ. இதைச் சோதனை என்று யாரும் சொல்வதில்லை, நகலெடுக்கும் கருவி என்றுதான் சொல்வார்கள். என் கணக்கில், தடுமாறும் டிஸ்க்குக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. நல்ல இடங்களை முதலில் வேகமாகப் படித்து எடுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் தடுக்கினால் அங்கேயே மல்லுக்கட்டாமல் தாண்டிப்போய், மிச்சமிருப்பதை எடுக்கும். எல்லா நல்ல பகுதியும் கைக்கு வந்த பிறகுதான் தடுக்கிய இடங்களுக்குத் திரும்பி வரும். எதைப் படித்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் நிறுத்தினாலும், மின்சாரம் போனாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விண்டோஸில் சாதாரணமாக இழுத்துப் போட்டு நகலெடுப்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு மிகப் பெரியது. அங்கே முதல் பேட் செக்டரிலேயே எல்லாம் உறைந்து நின்றுவிடும்.

லோ யாட் பிளாசாவுக்குப் போய்ப் புது 4 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். வேண்டுமென்றே வேறு அளவு. எது பழையது, எது புதியது என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். இந்தக் கருவியில் இருக்கும் ஒரே பெரிய ஆபத்து அதுதான். அளவு வேறாக இருந்தால் பட்டியலில் பார்த்தவுடனே தெரிந்துவிடும். டிடிரெஸ்க்யூ லினக்ஸில் ஓடுவது என்பதால், உபுண்டு என்ற லினக்ஸ் இருக்கும் பென் டிரைவிலிருந்து என் லேப்டாப்பைத் தொடங்கினேன். மேசைக் கணினியை விட்டு லேப்டாப்பை எடுத்ததற்கும் காரணம் உண்டு: இந்தச் சின்ன வெளி டிஸ்க்குகள் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால், வெளியே மின்சாரம் போனாலும் லேப்டாப்பின் பேட்டரி தாங்கும். அன்று நாலரை மணிக்கு இடியோடு மழை கொட்டி விளக்கு இரண்டு முறை மினுங்கியது. திரையில் எண்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் சுற்றுக்கு ஏழு மணி நேரம் ஆனது. அதன் முடிவிலேயே கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது. தடுக்கிய இடங்களை மட்டும் திரும்பப் படிக்க மேலும் ஒன்றரை மணி. அக்கா தே ஓ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் 20,480 பைட் மட்டும் வரவில்லை. 2 டெராபைட்டில் ஐந்தே ஐந்து செக்டர்.

ஸ்மார்ட்டைத் திரும்பத் திறந்தபோது சி5 28 ஆகியிருந்தது, அதாவது நம் கணக்கில் 40. இந்த டிஸ்க் தன் 4,096 பைட் செக்டர் ஒவ்வொன்றையும் 512 பைட் துண்டுகள் எட்டாக எண்ணுகிறது என்பதால் ஐந்து செக்டர் என்ற கணக்கு சரியாக நின்றது. காலையில் மூன்றாக இருந்தது இரவில் ஐந்து. முழுவதும் படிக்கும்வரை டிஸ்க்குக்கே தன் பழுது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. இதே வேலையை ஸ்லாஷ் ஆர் செய்திருந்தால், அந்த ஐந்து இடத்தையும் கண்டுபிடித்திருக்கும். கையில் நகல் மட்டும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் செக் டிஸ்க் ஓட்டினேன், புது டிஸ்க்கில். இப்போது அது என்ன வெட்டினாலும் கவலை இல்லை, பழையது அப்படியே இருக்கிறது. சின்னச் சின்ன முரண்பாடுகளைத் திருத்தியது, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கில் முன்பே யாராவது ஸ்லாஷ் ஆர் ஓட்டியிருந்தால் இங்கே ஒரு விசித்திரம் நடக்கும்: அந்தப் 'பயன்படுத்தாதே' குறிகளும் நகலோடு சேர்ந்து நல்ல டிஸ்க்குக்கு வந்துவிடும். ஸ்லாஷ் பி சேர்த்து ஓட்டினால் அவற்றைத் திரும்பச் சோதித்து விடுவிக்கும்.

ஐந்து செக்டரில் நான்கு காலி இடத்தில் விழுந்திருந்தன. ஒன்று 2016 கலைநிகழ்ச்சி வீடியோவில். கோலாட்டம் ஆடும் ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தும்போது படம் பச்சைக் கட்டங்களாகச் சிதறி, ஒரு நொடியில் திரும்பச் சேர்ந்துகொள்கிறது. "அவ இப்போ ஃபார்ம் ஃபைவ்" என்றார் அக்கா. அப்பா படங்கள் ஒன்றுகூடக் கெடவில்லை.

கடைக்கோ, தகவல் மீட்பு நிலையத்துக்கோ எப்போது போக வேண்டும்? டிக் சத்தம் வந்தால், கீழே விழுந்திருந்தால், கணினி டிஸ்க்கையே அடையாளம் காணாவிட்டால். அந்த நிலையில் மேலே சொன்ன எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு முறைகூட மின்சாரம் கொடுக்க வேண்டாம். எங்கள் சித்தி இங்கே ஒரு டிஸ்க் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர். கண் மட்டும் தெரியும் வெள்ளை உடை, உள்ளே போகும் முன் காற்றடித்துத் தூசி நீக்கும் அறை என்று சொல்வார். மலேசியாவில் பல குடும்பங்களுக்கு இது தெரிந்த உலகம். வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டாலிங் ஜெயாவில் நெடுங்காலம் ஹார்ட் டிஸ்க் தயாரித்தது. அந்த ஆலையை மூடப்போவதாக 2018இல் அறிவித்தது. படிக்கும் தலைக்கும் தட்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தூசி அங்கே பாறை. ஆகவே கடை மேசையில் வைத்தே டிஸ்க்கைத் திறந்து பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நல்ல கடையா என்று அறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முதல்ல என்ன செய்வீங்க?" நகலெடுப்போம் என்று பதில் வந்தால் கொடுப்பேன்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே தட்டும் தலையும் இல்லை, ஸ்லாஷ் ஆர் ஓட்டுவதால் பெரிய பலனும் இல்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மீதமிருக்கும் ஆயுள் சதவீதத்தைப் பாருங்கள், நகல் வைத்திருங்கள். எஸ்எஸ்டி பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நாளில் போய்விடும்.

எல்லாம் பத்திரமானதும் பழைய டிஸ்க்கை முழு ஃபார்மட் செய்தேன். சி5 பூஜ்யமாக இறங்கியது, 05 பூஜ்யமாகவே நின்றது. அதாவது ஐந்து செக்டரும் புதிதாக எழுதியதை ஏற்றுக்கொண்டன. சிலர் இத்தோடு டிஸ்க் குணமாகிவிட்டது என்று திரும்பப் பயன்படுத்துவார்கள். நான் மூன்று வாரம் வெறும் சினிமாப் படங்களை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் சி5 மறுபடி 8 என்று காட்டியது, இரண்டு நாளில் 05உம் ஏறத் தொடங்கியது. அதோடு விட்டுவிட்டேன்.

அக்கா மகன் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த அளவு டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தட்டி உடைக்கக் கூடாது என்று சொல்லி, நட்சத்திர முனைத் திருப்புளியால் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். உள்ளே தட்டு முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னியது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான், எங்கேயும் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. "எங்கே மாமா பேட் செக்டர்?" என்று கேட்டான். தலையை ஆட்டும் காந்தம் இரண்டையும் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். இப்போது அவை அக்கா வீட்டு ஐஸ் பெட்டிக் கதவில் பள்ளி நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.